வேட்டிக்கு மேல் காலரும் வெய்ஸ்ட்கோட்டும்: தேர்வு முதல் உடுத்துவது வரை

ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் வேட்டி சட்டைக்கு மேல் வெய்ஸ்ட்கோட் போடுவது இப்போது சாதாரணம். கடைப் பொம்மையில் எடுப்பாக இருந்த அதே உடுப்பு, மாப்பிள்ளை மேடையில் கொஞ்ச நேரம் நின்றதும் வயிற்றில் உப்பிக்கொள்கிறது, காலர் ஒரு பக்கம் சாய்கிறது, அடியில் சட்டை கோணலாகத் தொங்குகிறது. இதையும் அடிக்கடி பார்க்கிறோம்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வெய்ஸ்ட்கோட் என்பது பேன்ட்டுக்குள் சொருகிய சட்டைக்காக வெட்டப்படும் உடுப்பு. நாம் வேட்டிக்குச் சட்டையை வெளியே விடுகிறோம். இடுப்பில் வேட்டி மடிப்பு இருக்கிறது, பலருக்கு அதன் மேல் பச்சை பெல்ட்டும் இருக்கிறது. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்து, சரியான வரிசையில் வாங்கினால் முக்கால்வாசிச் சிக்கல் வராது.

1. வரிசை: வேட்டி, சட்டை, காலர், கடைசியில் வெய்ஸ்ட்கோட்

புதிதாக வாங்குகிறவர்கள் வெய்ஸ்ட்கோட்டில் ஆரம்பிக்கிறார்கள். கண்ணைப் பறிப்பது அதுதான் என்பதால். அப்புறம் அதற்கேற்ற சட்டை தேடி, சட்டைக்கேற்ற வேட்டி தேடி, கடைசியில் மூன்று விதமான வெள்ளையோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

வேட்டியின் வெள்ளையையோ கரையையோ நம்மால் மாற்ற முடியாது. சட்டையைத் தைத்துக்கொள்ளலாம், வெய்ஸ்ட்கோட்டை எந்த நிறத்திலும் எடுக்கலாம். அதனால் மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள்.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால் விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே டெய்லரிடம் போய்விடுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் டெய்லர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள், இரண்டாவது ட்ரையல் கிடைக்காது. வெய்ஸ்ட்கோட்டுக்கு இரண்டு ட்ரையல் கட்டாயம் வேண்டும்.

2. வேட்டியையும் கட்டும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

நாலு முழமா எட்டு முழமா என்பது முதல் கேள்வி. நாலு முழம் ஏறக்குறைய 1.8 மீட்டர், எட்டு முழம் அதில் இரு மடங்கு. எட்டு முழத்தைக் கட்டினால் இடுப்பில் துணி அடுக்குகள் கூடும், முன்பக்க மடிப்பும் தடிமனாகும். வெய்ஸ்ட்கோட்டின் கீழ்ப் பட்டன்கள் சரியாக அந்த இடத்தில்தான் வருகின்றன.

மெல்லிய பட்டு வேட்டி என்றால் மடிப்பு அமுங்கும். கஞ்சி போட்ட காட்டன் எட்டு முழம் என்றால் துருத்திக்கொண்டு நிற்கும். வெய்ஸ்ட்கோட் போடுவது உறுதி என்றால் பட்டு அல்லது மெல்லிய காட்டனுக்குப் போங்கள், அதற்குக் கஞ்சி குறைவாக இருக்கட்டும். இடுப்பில் வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டியில் மடிப்பு தட்டையாக இருக்கும், புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அது நல்லது. பச்சை பெல்ட் கட்டுகிற பழக்கம் இருந்தால் வெய்ஸ்ட்கோட்டோடு அதைத் தவிருங்கள். அதன் பர்ஸும் பக்கிளும் மேலே உள்ள துணியில் அப்படியே அச்சாகத் தெரியும். பெல்ட் இல்லாமல் முடியாது என்பவர்கள் மெல்லிய எலாஸ்டிக் பெல்ட் கட்டிக்கொள்ளலாம்.

கட்டும் இடம் இன்னும் முக்கியம். தொப்புளுக்கு மேலா, கீழா, தொப்பைக்கு அடியிலா என்று ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் வழக்கமாகக் கட்டும் இடத்தை மாற்ற வேண்டாம். விசேஷத்தன்று கை தானாக அங்கேதான் கட்டும். வெய்ஸ்ட்கோட்டின் நீளத்தை அந்த இடத்திலிருந்து கணக்கிடப் போகிறோம்.

கரையைத் தேர்வு செய்யும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கறுப்பும் சிவப்பும் சேர்ந்த கரைக்கு நம் ஊரில் கட்சி அர்த்தம் உண்டு. அந்த நிறங்களில் வெய்ஸ்ட்கோட்டும் அமைந்துவிட்டால் கல்யாண உடுப்பைக் கட்சிக்கூட்ட உடுப்பாகத்தான் பார்ப்பார்கள். ஜரிகைக் கரை, மயில்கண் கரை, அடர் பச்சை, அரக்கு எல்லாம் பாதுகாப்பானவை.

3. கழுத்தை அளங்கள்

காலர் சரியில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு அளவுதான் தப்பு, வகை அல்ல.

குரல்வளை மேட்டுக்குக் கொஞ்சம் கீழே, காலர் உட்காரும் இடத்தில் டேப்பைச் சுற்றி, இறுக்காமல் அளங்கள். அதோடு அரை இன்ச் கூட்டுங்கள். பட்டன் போட்ட காலருக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கழுத்து 15 இன்ச் என்றால் காலர் 15½, அதாவது சுமார் 39 செ.மீ.

ஃபார்மல் ரெடிமேடுகளில் 39, 40, 42, 44 என்று போட்டிருப்பது வழக்கமாகக் கழுத்தின் செ.மீ. அளவு. ஆனால் சில தயாரிப்பாளர்கள் 40, 42 என்று மார்பின் இன்ச் அளவைப் போடுகிறார்கள். லேபிளை நம்பாமல், காலரை விரித்து, பட்டனின் நடுவிலிருந்து காஜாவின் தொலைவான முனைவரை டேப் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

காட்டன் துணி முதல் அலசலில் சுருங்கும். துணியை நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் வெளுப்புக்குப் பிறகு மேல் பட்டன் போட முடியாது. சைனீஸ் காலருக்கு அது ஆகாது, ஏனென்றால் அதன் அழகே மேல் பட்டன் போட்டிருப்பதில்தான் இருக்கிறது.

4. காலர் வகை

முக அமைப்பைப் பார்த்துக் காலர் எடுக்கச் சொல்வார்கள். என் அனுபவத்தில் முகத்தைவிடக் கழுத்தின் நீளமும், மேலே என்ன போடப் போகிறோம் என்பதும்தான் முக்கியம்.

*சாதா காலர்.* மடக்கும் இலை உள்ள வழக்கமான காலர். வெய்ஸ்ட்கோட் இல்லாமல் வேட்டி சட்டை மட்டும் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. மேல் பட்டன் திறந்திருந்தாலும் நிற்கும். முகூர்த்தத்துக்கும் இதையே சொல்வேன். மாலையின் நார் கழுத்துத் தோலில் உரசாமல் காலர் இலை தடுக்கும். சம்பங்கியும் ரோஜாவும் சேர்த்துக் கட்டிய கனமான மாலையை ஒரு மணி நேரம் சுமந்தவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

*அகலக் காலர்.* இரண்டு முனைகளும் தோள் பக்கம் விலகி நிற்கும். வி கழுத்து வெய்ஸ்ட்கோட்டுக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் முனைகள் வெய்ஸ்ட்கோட்டின் விளிம்புக்கு அடியில் போய் மறைந்துகொள்ளும். சாதா காலரின் முனைகள் விளிம்புக்கு மேல் ஏறி மிதக்கும், அப்புறம் அன்றைக்கெல்லாம் அதைச் சொருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

*பட்டன் வைத்த காலர்.* முனைகளைச் சட்டையோடு பூட்டும் வகை. ஆபீஸுக்குச் சரி. வேட்டிக்குப் போட்டால் பேன்ட்டுக்குத் தைத்த சட்டை என்று தெரிந்துவிடும். முனை எழும்புவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், காலருக்கு அடியில் மறைவாகப் பட்டன் வைத்துத் தரும்படி டெய்லரிடம் கேளுங்கள்.

*சைனீஸ் காலர்.* இலை இல்லாமல், பட்டை மட்டும் நிற்பது. மூடிய கழுத்து வெய்ஸ்ட்கோட்டுக்குள் போட இதுதான் வேண்டும். வழக்கமான உயரம் ஒன்றேகால் இன்ச். கழுத்து குட்டை என்றால் ஒரு இன்ச்சுக்கு மேல் போக வேண்டாம், தாடை காலரில் இடிக்கும். முன்முனை சதுரமா வட்டமா என்பது விருப்பம்தான். ஆனால் வெய்ஸ்ட்கோட்டின் காலர் முனை எப்படியோ சட்டையும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்று வட்டம், இன்னொன்று சதுரம் என்றால் போட்டோவில் குளோசப் எடுக்கும்போது பளிச்சென்று தெரியும்.

5. காலருக்குள் என்ன இருக்கிறது

வெளியே தெரியாவிட்டாலும் காலர் நிற்பதும் தொங்குவதும் உள்ளே வைக்கும் கேன்வாஸ் என்ற விறைப்புத் துணியால்தான். மலிவான ஒட்டு கேன்வாஸ் வைத்தால் இரண்டு மூன்று வெளுப்பில் ஒட்டு விட்டு, காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கையால் கசக்கிப் பாருங்கள். மடித்து விட்டால் சுருக்கம் இல்லாமல் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். மொடமொடவென்று அட்டை மாதிரி இருப்பது நல்ல காலர் அல்ல. வைகாசி வெயிலில் வியர்வை பட்டதும் அது கழுத்தை அறுக்கும்.

சாதா காலருக்கு மிதமான கேன்வாஸ், சைனீஸ் காலருக்குக் கொஞ்சம் கெட்டியானது. இலை இல்லாததால் அந்தப் பட்டை தன் பலத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

6. சட்டையின் நீளமும் கையும்

ரெடிமேட் ஃபார்மல் சட்டையின் அடி வளைவாக, முன்னும் பின்னும் நீண்டு இருக்கும். பேன்ட்டுக்குள் சொருக வெட்டியது அது. வேட்டிக்கு வெளியே விட்டால் பக்கவாட்டில் வேட்டி மடிப்பு தெரியும், முன்னால் நாக்கு மாதிரித் தொங்கும். வேட்டிக்கு நேர் அடி, பக்கத்தில் இரண்டு மூன்று இன்ச் பிளவு என்று சொல்லித் தைக்க வேண்டும். நீளம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எலும்பு வரை.

வெய்ஸ்ட்கோட்டுக்குள் முழுக்கைச் சட்டைதான். அரைக்கை போட்டால் கைத்துணி வெய்ஸ்ட்கோட்டின் கைக்குழியிலிருந்து விரிந்து நிற்கும். கையை மடித்துவிடுவது உங்கள் இஷ்டம். இடது மார்புப் பாக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாக்கெட் இருந்தால் போன் உள்ளே போகும், போன் உள்ளே போனால் வெய்ஸ்ட்கோட் ஒரு பக்கம் புடைக்கும்.

உள்ளே போடும் பனியனின் கழுத்து காலருக்கு வெளியே தெரியக்கூடாது. திருப்பூர் பனியனை ஊருக்கெல்லாம் அனுப்புகிற நமக்கு வகைகளுக்குப் பஞ்சமில்லை. சைனீஸ் காலருக்கு எந்தப் பனியனும் ஒத்துக்கொள்ளும், திறந்த காலருக்கு வி கழுத்து வேண்டும்.

7. வெய்ஸ்ட்கோட் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

வரவேற்பு, நிச்சயதார்த்தம், காதுகுத்து விருந்து, புதுமனை புகுவிழா மாதிரி நின்று பேசும் இடங்களுக்குச் சரி. முகூர்த்தத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. இணைச்சீர், உருமால் கட்டு என்று நம் கொங்குக் கல்யாணச் சடங்குகளில் மாப்பிள்ளை உட்கார்ந்து, குனிந்து, கை நீட்டி, பெரியவர்கள் காலில் விழுந்து என்று ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் சொல்வதைக் கவனிப்பாரா, மேலேறும் வெய்ஸ்ட்கோட்டை இழுத்துவிடுவாரா? அங்கே வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம் போதும், அதுவே முழு உடுப்பு.

மாப்பிள்ளை மட்டும் போடுவதா, மச்சான்மார், பங்காளிகள் எல்லோரும் போடுவதா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எல்லோரும் என்றால் மாப்பிள்ளையின் துணி வேறாக இருக்கட்டும். அப்பாருக்கும் தாய்மாமனுக்கும் கட்டாயப்படுத்திப் போட்டுவிட வேண்டாம். வெள்ளை வேட்டி சட்டையும் தோளில் துண்டும் அவர்களுக்கு இருக்கும் மரியாதைக்குப் போதும்.

8. மூடிய கழுத்தா, வி கழுத்தா

மூடிய கழுத்து என்பது நேரு கோட் என்று சொல்கிறோமே அது. அடி நேராக இருக்கும், நீளம் 26, 27 இன்ச் வரும். 29 இன்ச் சட்டைக்கு மேல் போட்டால் அடியில் இரண்டு மூன்று இன்ச் சட்டை சீராகத் தெரியும். வேட்டி மடிப்பும் மறையும். இதனால்தான் வேட்டிக்கு மூடிய கழுத்தே முதல் தேர்வு.

வி கழுத்து வகை குட்டை. முன்னால் இரண்டு முனைகள் கூராக இறங்கும், பின்னால் ஏறியிருக்கும். வெளியே விட்ட சட்டை ஐந்தாறு இன்ச் கீழே தொங்கி, பாவாடை கட்டியது போல் ஆகிவிடும். பின்பக்கம் பளபளக்கும் லைனிங் துணியும், இறுக்கும் பட்டையும் இருக்கும். மேலே கோட் போடும்போது மறைவதற்காக அப்படி வைக்கிறார்கள். நாம் கோட் போடுவதில்லை, திரும்பினால் முழு முதுகும் தெரியும். வி கழுத்துதான் வேண்டும் என்றால் தைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்ச் நீளம் கூட்டி, அடியை நேராக வெட்டி, முன்பக்கத் துணியையே பின்பக்கமும் வைக்கச் சொல்லுங்கள்.

மூடிய கழுத்தில் சட்டைக் காலர் வெய்ஸ்ட்கோட் காலரைவிடக் கால் இன்ச் உயரமாக இருக்க வேண்டும். அழகு ஒருபுறம் இருக்க, கழுத்து வியர்வை சட்டையில் படும். சட்டையைத் துவைக்கலாம், ஜரிகை நெய்த வெய்ஸ்ட்கோட்டைத் துவைக்க முடியாது.

9. ட்ரையல்: வேட்டி கட்டிக்கொண்டு பாருங்கள்

இந்தப் படியை விட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. கடை ட்ரையல் ரூமில் ஜீன்ஸுக்கு மேல் போட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். ஜீன்ஸ் இடுப்புக்குக் கீழே நிற்கும், மடிப்பும் இல்லை. வேட்டி கட்டியதும் அளவே மாறிவிடும். வேட்டியைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், கடையிலேயே கட்டுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து டெய்லர் ஒருவர் ட்ரையலுக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடி காட்டுவதற்கு முன் தரையில் பாய் விரிப்பார். "ஏனுங் தம்பி, அப்படியே சம்மணம் போட்டு உக்காந்து பாருங்க" என்பார். உட்கார்ந்ததும் கீழ்ப் பட்டன் தொடையில் முட்டும், துணி மேலே ஏறும், மூடிய கழுத்து தாடையைத் தொடும். "இப்ப கையெடுத்துக் கும்பிடுங்க." கைக்குழி ஆழம் போதாவிட்டால் தோள் இரண்டும் காதுக்குப் போகும். அப்படியே உட்கார்ந்த நிலையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுக்கொள்வார். நின்ற நிலையில் எடுத்த அளவில் இது தெரியவே தெரியாது.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவை:

- மார்புச் சுற்றளவைவிட மூன்று, நாலு இன்ச் தளர்வு. எல்லாப் பட்டனும் போட்டபின் பட்டன்களுக்கு இடையே துணி வாய் பிளக்கக்கூடாது.
- தோள் முனை, சட்டைத் தோள் தையலுக்கு அரை இன்ச்சாவது உள்ளே. வெளியே போனால் இறக்கை வைத்த மாதிரி நிற்கும்.
- அடி விளிம்பு, வேட்டி மடிப்புக்குக் கீழே இரண்டு இன்ச்சாவது இறங்க வேண்டும். கையைத் தூக்கினாலும் மடிப்பு வெளியே வரக்கூடாது.
- பின்கழுத்தில் காலருக்கும் சட்டைக்கும் நடுவே இடைவெளி இருக்கக்கூடாது. இருந்தால் முதுகு நீளம் தப்பு, தையலைப் பிரித்துத்தான் சரிசெய்ய முடியும்.

தொப்பை உள்ளவர்கள் மார்பை மட்டும் அளந்து கொடுப்பதுதான் பெரிய தப்பு. வேட்டி கட்டிய நிலையில் வயிற்றின் பெரிய சுற்றளவையும் கொடுங்கள். கீழ்ப் பட்டனை ஓர் இன்ச் மேலே வைத்து, அதற்குக் கீழே திறந்துவிடச் சொன்னால் உட்காரும்போது இழுக்காது.

10. துணியும் நிறமும்

முதலில் வெள்ளை. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு மாதிரியான பட்டு வேட்டியின் வெள்ளை வேறு, மில் காட்டன் சட்டையின் நீலம் கலந்த வெள்ளை வேறு. சட்டைத் துணிகளில் ஏற்றும் வெண்மையாக்கி, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடும். கடையின் எல்.இ.டி. விளக்கில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை, அதனால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும். வேட்டியையும் சட்டைத் துணியையும் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டு வேட்டிக்குப் பட்டுக் கலந்த துணியோ சந்தன நிறமோதான் சேரும்.

வெய்ஸ்ட்கோட் நிறத்தைக் கரையிலிருந்து எடுங்கள், ஆனால் கரையைவிட ஒரு படி அடர்த்தியாக. அதே நிறம் கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருந்து சேராமல் போவதைவிட, தெளிவாக அடர்ந்திருப்பது நன்றாக இருக்கும். ஜரிகைக் கரை வேட்டிக்கு முழு ஜரிகை வெய்ஸ்ட்கோட் வேண்டாம், இரண்டு தங்கமும் வேறு வேறாக மின்னும். அரக்கு, பாசிப்பச்சை, கருநீலம் என்று வெறும் நிறமாக எடுங்கள்.

கோவை ஏ.சி. மண்டபத்துக்குச் சரியாக இருக்கும் பாலியெஸ்டர் ஜக்கார்டு, கரூரிலோ பவானியிலோ ஏ.சி. இல்லாத மண்டபத்தில் வேகவைக்கும். லினன், கதர், கைத்தறிக் காட்டன், காட்டன் லைனிங் என்று கேட்டு வாங்குங்கள். சர்வோதய சங்கக் கடைகளில் நல்ல கதர் கிடைக்கும். ஒரே நிற வேட்டிகள் நிறைய வேண்டுமானால் ஈரோடு கனி மார்க்கெட் பக்கம் போகலாம். 58 இன்ச் அகலத் துணியில் சாதாரண உடம்புக்கு ஒன்றேகால் மீட்டர் போதும், பூ டிசைன் பொருத்த வேண்டுமானால் கால் மீட்டர் கூடுதலாக எடுங்கள்.

11. துண்டும் அங்கவஸ்திரமும்

வழுவழுப்பான வெய்ஸ்ட்கோட்டில் பட்டு அங்கவஸ்திரம் நிற்காது. இடது தோளில் தோள் தையல் இருக்கும் இடத்தில் உள்பக்கமிருந்து ஊக்கு குத்துங்கள். அங்கே துணி இரண்டு மூன்று அடுக்கு என்பதால் கிழியாது. அங்கவஸ்திரத்தில் ஜரிகை மேல் குத்தாமல், கரைக்கு உள்ளே குத்துங்கள். வெய்ஸ்ட்கோட்டில் பூ வேலை அதிகமாக இருந்தால் அங்கவஸ்திரமே வேண்டாம்.

12. அன்றைக்கு உடுத்தும் வரிசை

பனியன், சட்டை, அப்புறம் வேட்டி. சட்டை போட்ட பிறகு வேட்டி கட்டினால், கை தூக்கும்போது மடிப்பு கலையாது. சட்டை வேட்டிக்குள் மாட்டாமல் நுனியைத் தூக்கிப் பிடித்துக் கட்டுங்கள். கட்டியதும் பின்பக்கம் சட்டையை ஒருமுறை கீழே இழுத்துவிட்டு, மேல் பட்டன் போட்டுக் காலரைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் வெய்ஸ்ட்கோட், மேல் பட்டனிலிருந்து கீழே. கடைசிப் பட்டனைத் திறந்துவிடுங்கள்.

மேடையில் மாலை போட்டிருந்தால், கழற்றியதும் வெய்ஸ்ட்கோட்டை உதறிக் காற்றில் மாட்டுங்கள். பூச்சாறு பட்ட இடத்தில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் கறை துணியிலேயே தங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த பிறகு டிரை கிளீனிங் கொடுக்கும்போது எந்த இடம் என்று காட்டிக் கொடுங்கள்.